ஆவுளியாவைக் காட்டித் தந்தவர்களுக்கு

மோர்ப்பண்ணை, காரங்காடு, தொண்டி, மண்டபம் கடற்கரை மக்களுக்கு வணக்கம்.

நீங்கள் ஆவுளியா என்று சொல்லும் கடல் பசுவின் மேய்ச்சலைப் பற்றி நான் எழுதிய ஆய்வேட்டுக்கு முனைவர் பட்டம் கிடைத்துவிட்டது. அட்டையில் என் பெயர் மட்டும்தான் இருக்கும், விதி அப்படி. ஆனால் உள்ளே பாதிச் சரக்கு உங்களுடையது. பேர் போட வேண்டாம் என்று நீங்கள் சொன்னதால் பேர் சொல்லாமலே நன்றி சொல்கிறேன்.

முதலில் வத்தை என்னும் சிறு படகை ஓட்டிய காக்காவுக்கு, அதாவது அண்ணனுக்கு. ஆவுளியா சில நிமிடத்துக்கு ஒருமுறை மூச்சுவிட மேலே வரும். மூக்கு நுனி தெரிந்தாலே பெரிது, ஓங்கில் (டால்பின்) மாதிரித் துள்ளாது. நான் அலையையே வெறித்துக்கொண்டிருப்பேன். நீங்கள் தண்ணீரின் நிறத்தைப் பார்ப்பீர்கள். "அங்கிட்டுக் கலங்குது பாருங்க, தாழையைப் பிடுங்குது" என்று இன்ஜினை அணைத்துத் துடுப்பை எடுப்பீர்கள். அப்புறம் முங்கிப் பார்த்தால், நீங்கள் தாழை என்னும் கடற்புல்லை வேரோடு பறித்துத் தின்ற தடம் மணலில் வாய்க்கால் வெட்டினாற்போல வளைந்து வளைந்து போகும். அந்தத் தடத்தின் அகலத்தையும் நீளத்தையும் அளந்ததுதான் ஒரு முழு அத்தியாயம். அட்டவணைகளைப் பார்த்துவிட்டு "இம்புட்டும் புல்லுக்கா?" என்று கேட்டீர்களே, ஆமாம், இம்புட்டும் புல்லுக்குத்தான்.

பாசி எடுக்கும் அக்காமார்களுக்கு. விரலில் துணி சுற்றிக்கொண்டு பாறையில் இறங்கும் நேரத்திலும் என் கேள்விகளுக்குப் பதில் சொன்னீர்கள். வாடைக்காற்றில் வடகடல் (பாக் விரிகுடா) கலங்கிய பிறகு எந்தத் திட்டில் புல் தழைக்கிறது, எது மண் மூடிக் கிடக்கிறது என்று நீங்கள் சொன்ன கணக்கை வைத்துத்தான் என் வரைபடத்தையே மாற்றிப் போட்டேன்.

வலையை அறுத்து, அதில் மாட்டிய ஆவுளியாவைத் தப்பவிட்டவர்களுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. மேலே வர முடியாவிட்டால் மூச்சு முட்டிச் செத்துவிடும், அறுக்க வேண்டியதை அப்போதே அறுக்க வேண்டும். ஒரு தாய் மூன்றிலிருந்து ஏழு ஆண்டுக்கு ஒருமுறை ஒரே ஒரு குட்டிதான் போடும், ஆகவே ஒன்று போனாலும் அதை ஈடுகட்டப் பல வருடம் ஆகும். 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் முதல் அட்டவணையில் வைத்துக் காக்கிறது, சரி. 2022இல் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரைக் கடல் பசு காப்பகமாகவும் அறிவித்தார்கள். அது தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலோடு நின்றுவிட்டது. நம் இராமநாதபுரம் மாவட்டத்து வடகடலில் நடுராத்திரியில் அதற்குக் காவல் உங்கள் கைக்கத்திதான். அறுத்த வலைக்கான பணம் அலையவிடாமல் கைக்கு வர வேண்டும் என்று ஆய்வேட்டின் பரிந்துரைகளில் முதலாவதாக எழுதியிருக்கிறேன்.

அனுமதிச் சீட்டுக்கு உதவிய வனத்துறை ஊழியர்களுக்கும், என் வழிகாட்டிக்கும், மாதாமாதம் மீன்குழம்பும் கொடுத்து வாடகைத் தாமதத்தையும் பொறுத்துக்கொண்ட மண்டபத்து வீட்டுக்கார அம்மாவுக்கும் நன்றி.

ஆய்வேட்டின் சுருக்கத்தைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். வாடை அடங்கியதும் ஊர் ஊராக வந்து வாசித்துக் காட்டுகிறேன். தப்பு இருந்தால் அங்கேயே சொல்லிவிடுங்கள், திருத்திய பிறகுதான் அச்சுக்குக் கொடுப்பேன்.

அன்புடன்,
உங்கள் ஆவுளியாப் பிள்ளை