ஓடைக்கரையில் குடியிருக்கும் தமிழன்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

வணக்கம். சியாட்டிலுக்குக் கிழக்கே இசக்குவா ஓடையையும் பேர் ஓடையையும் ஒட்டி வீடு வாங்கியிருக்கும் நம்மவர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள்: ஓடையில் முட்டையிட வரும் சால்மன் மீன்களுக்காக, கரையைச் ‘சுத்தம்’ செய்யாதீர்கள்.

நானும் அதைச் செய்தவன்தான். குடியேறிய முதல் கோடையில், கொல்லையில் ஓடைக்குக் குறுக்கே சாய்ந்து கிடந்த ஆல்டர் மரத்தை அறுத்து அப்புறப்படுத்தி, வில்லோப் புதரையும் வெட்டிவிட்டு நீர்விளிம்பு வரை புல்தரை போட்டேன். பிள்ளைகளைப் பாம்பு தீண்டிவிடும் என்று காரணமும் சொல்லிக்கொண்டேன். நவம்பர் மழையில் அந்தப் புல்தரையில் நான்கடி ஓடையோடு போயிற்று.

போன மண்தான் இம்மடலின் பொருள். இலையுதிர்காலத்தில் பெண் சால்மன் ஒருக்களித்துப் படுத்து, வாலால் அடித்துக் கூழாங்கற்களைக் கிளறிக் குழி பறித்து முட்டையிட்டு மூடுகிறது. கல்லிடுக்குகளில் ஊடுருவும் குளிர்ந்த நீரால்தான் அம்முட்டைகள் மாதக்கணக்கில் சுவாசிக்கின்றன. கரைந்து வரும் மண் வண்டலாகப் படிந்தால் அவ்வழி அடைபட்டு, அவை அங்கேயே மடிகின்றன. தப்பிப் பொரிக்கும் கோஹோ என்னும் சால்மன் வகையின் குஞ்சு ஓராண்டுக்கு மேல் ஓடையிலேயே வளர்ந்துதான் கடலுக்குப் போகிறது. குளிர்கால வெள்ளம் விரலளவு குஞ்சை அடித்துச் செல்லாமலிருக்க, விழுந்த மரத்தின் பின்னே தேங்கும் மடுவும், வெள்ளம் பரந்து அடங்கும் தாழ்நிலமும் வேண்டும். நான் அறுத்தெறிந்தது அப்படியொரு மடுவை.

அத்தகைய தாழ்நிலம் இங்கே முன்பே பெருமளவு பறிபோயிற்று. 1916இல் வாஷிங்டன் ஏரியின் நீர்மட்டம் ஏறத்தாழ 9 அடி இறக்கப்பட்டதில் அதன் கரையோரச் சதுப்பு காய்ந்தது. 1960களில், நம் ஓடைகளின் நீரை அவ்வேரிக்குக் கொண்டுபோகும் சமாமிஷ் ஆறு, வெள்ளம் பரவாதபடி தூர்வாரி நேராக்கப்பட்டது. 1999இல் பியூஜெட் சவுண்ட் என்னும் இங்குள்ள கடற்கழியின் சின்னூக் வகைச் சால்மன் அழியும் ஆபத்துள்ள மீனாகக் கூட்டாட்சிச் சட்டத்தின்கீழ் பட்டியலிடப்பட்டது. ரெட்மண்டில் பேர் ஓடையின் நேராக்கப்பட்ட கீழ்ப்பகுதியைப் பொதுப்பணத்தில் மறுபடி வளைந்தோட விட்டிருக்கிறார்கள். அதே காரியத்துக்கு எதிராக நாம் கொல்லையில் காசு செலவழிக்கிறோம். கார் டயர் தேய்மானத்திலிருந்து மழைநீரில் சேரும் ஒரு வேதிப்பொருள் கோஹோவைச் சில மணி நேரத்திலேயே கொல்வதாக 2020இல் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். அந்நீர் மண்ணில் ஊறி வடிந்து வந்தால் நஞ்சு வெகுவாகக் குறைகிறது. அதற்கும் வேரோடிய கரை வேண்டும்.

ஜப்பானிய நாட்வீட், ஹிமாலயன் பிளாக்பெரி போன்ற வந்தேறிச் செடிகளை அகற்றத்தான் வேண்டும். எதை எப்படி அகற்றலாம் என்று முதலில் நகர அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு, வெற்றிடத்தில் உடனே வில்லோ நடுங்கள். முருங்கைப் போத்தைப் போலவே, கொம்பை வெட்டி ஈரமண்ணில் செருகினாலே துளிர்த்துவிடும். என் கரையில் நட்டவை இப்போது இடுப்பளவு நிற்கின்றன. வேண்டுவோர் பிப்ரவரியில் வாருங்கள், வெட்டித் தருகிறேன்.

இப்படிக்கு,
இசக்குவா ஓடைக்கரைவாசி ஒருவன்