பூத்துக்குப் போகும் மகளுக்கு

அன்புள்ள கண்ணு,

நேற்று ராத்திரி நீ போனை வைத்த பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. வாக்குச்சாவடித் தலைமை அலுவலர் என்று ஆணை வந்துவிட்டது, "மெடிக்கல் லீவு போட்டுத் தப்பிச்சுக்கலாமாம்மா" என்று கேட்டாய். பதில் சொல்லாமல் பேச்சை மாற்றிவிட்டேன். போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும். அதனால்தான் எழுதுகிறேன்.

என் 31 வருட சர்வீஸில் பி3, பி2, பி1 என்று மூன்று, இரண்டு, ஒன்றாம் வாக்குப்பதிவு அலுவலர் வேலை எல்லாம் பார்த்து, கடைசி ஐந்து தேர்தலுக்குத் தலைமை அலுவலராகப் போனேன். ஒவ்வொரு முறையும் முந்தின ராத்திரி வயிற்றைக் கலக்கும். உனக்கும் கலக்கும். ஆனாலும் போய்விட்டு வா. ஏன் சொல்கிறேன் என்றால், இதுவரை உன் அப்பாவிடம் கூடச் சொல்லாத ஒன்று இருக்கிறது.

1998 மக்களவைத் தேர்தல். அப்போது வாக்குச்சீட்டுதான். மலையடிவாரத்தில் ஒரு தொடக்கப் பள்ளி, நான் பி1. வாக்காளர் பட்டியலின் குறியீட்டுப் பிரதி என் முன்னால் இருக்கிறது. வரிசை எண்ணைப் பார்க்க வேண்டும், பெயரைச் சத்தமாகப் படிக்க வேண்டும், சிவப்பு மையில் அடிக்கோடு போட வேண்டும். மத்தியானம் ஒரு மணி வாக்கில் ஐம்பது வயசுக்கார அம்மா ஒருவர் வந்தார். மஞ்சள் வேக வைக்கும் சீசன். வேலை முடிந்து நேராக வந்திருக்கிறார், சேலை முந்தானையெல்லாம் மஞ்சள். சீட்டை வாங்கிப் பார்த்தால், அந்தப் பெயரில் ஏற்கெனவே கோடு போட்டிருக்கிறது. நான்தான் போட்டிருக்கிறேன். காலையில் யாரோ அந்தப் பெயரைச் சொல்லிப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

"உங்க ஓட்டு விழுந்துருச்சும்மா" என்றேன். அவர் சண்டை போடவில்லை. இடது கையை என் மேசை மேல் வைத்து ஆள்காட்டி விரலை நீட்டினார். மஞ்சள் ஏறி வெடித்த விரல், நகத்தோரம் கீறல். மை மட்டும் இல்லை. "பாருங்க டீச்சர், வெச்சிருந்தா தெரியாதா?" என்றார். எங்கள் தலைமை அலுவலர் தலையைக் கூடத் தூக்காமல் "லைன்ல நிக்கிறவங்களுக்கு வழி விடுங்க" என்றார். அந்த அம்மா விரலை மடக்கிக்கொண்டு போய்விட்டார். வாசல் தாண்டும்போது ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

பயிற்சி வகுப்பில் இதற்கு ஒரு வழி சொல்லியிருந்தார்கள். எனக்கு அது ஞாபகம் இருந்தது. ஆனால் நான் வாயைத் திறக்கவில்லை.

அதனால் இந்தக் கடிதத்தில் மற்றதெல்லாம் மறந்தாலும் இதை மட்டும் மறக்காதே. வாசல் வரைக்கும் வந்த ஆளை, விதியைப் பார்க்காமல் திருப்பி அனுப்பாதே.

இப்போது அந்த விதி, தேர்தல் நடத்தை விதிகளில் 49P. ஒருவர் பெயரில் வேறு யாரோ போட்டிருந்தால், நீ அவரிடம் கேள்வி கேட்டு, இவர்தான் அந்த ஆள் என்று திருப்தியானால், ஆய்வுக்குரிய வாக்குச்சீட்டு கொடுக்க வேண்டும். பொருள்களோடு கொஞ்சம் சீட்டு தனியாகத் தந்திருப்பார்கள். இயந்திரத்தில் ஒட்டியிருப்பது போலவே இருக்கும். அதன் பின்பக்கம் ஆய்வுக்குரியது என்று உன் கையால் எழுது. 17பி படிவத்தில் அவரிடம் கையெழுத்தோ கைரேகையோ வாங்கு. அம்புக்குறி ரப்பர் ஸ்டாம்ப்பைக் கொடுத்து மறைவிடத்துக்கு அனுப்பு. மடித்துக் கொண்டு வந்ததும் அதற்கான கவரில் போடு. இந்த ஓட்டு இயந்திரத்தில் ஏறாது.

2009 மே மாதம், நான் தலைமை அலுவலராக இருந்தபோது, இதே நிலைமை மறுபடி வந்தது. இந்தத் தடவை ஒரு சின்னப் பையன், முதல் ஓட்டு. சீட்டைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, "இதை எண்ணுவாங்களா டீச்சர்?" என்று கேட்டான். பொய் சொல்ல மனசு வரவில்லை. "வழக்கமா எண்ண மாட்டாங்க தம்பி. வித்தியாசம் ரொம்பக் கம்மியா இருந்து, கோர்ட்டுக்குப் போனா, அப்போ இந்தக் கவரைப் பிரிக்கச் சொல்லலாம்" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு ஸ்டாம்ப்பை வாங்கிக்கொண்டு போனான்.

அப்படியெல்லாம் எங்கே நடக்கப்போகிறது என்று நினைக்காதே. நம் திம்பம் மலை ஏறி அந்தப் பக்கம் இறங்கினால் சாமராஜநகர் மாவட்டம். அங்கே சந்தேமரஹள்ளி தொகுதியில் 2004-ல் ஜெயித்தவருக்கு 40,752, தோற்றவருக்கு 40,751. ராஜஸ்தானில் நாத்துவாரா தொகுதியிலும் 2008-ல் ஒரே ஓட்டுதான் வித்தியாசம். அந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அங்கே பேசப்பட்டதே இந்த ஆய்வுக்குரிய வாக்குகளைப் பற்றித்தான். எங்கோ ஒரு பூத்தில் ஒரு தலைமை அலுவலர் சோம்பல் படாமல் அந்தக் கவரை ஒட்டிக் கொடுத்ததால்தான் பேச முடிந்தது.

திருப்பி அனுப்புவதற்குக் காரணம் தேடினால் நூறு கிடைக்கும். அடையாள அட்டையில் ஓர் எழுத்து மாறியிருக்கும், அப்பா பெயரில் புள்ளி இருக்காது. ஆள் அவர்தான் என்று தெரிந்தால் அதையெல்லாம் பெரிதாக எடுக்கக் கூடாது. அட்டை இல்லாவிட்டால் ஆதார், நூறு நாள் வேலை அட்டை, போட்டோ ஒட்டிய பாஸ்புக் என்று வரிசையாக மாற்று ஆவணங்கள் இருக்கின்றன. அந்தப் பட்டியலைப் பெரிய எழுத்தில் எழுதி பி1 மேசையில் ஒட்டிவிடு. பூத் சிலிப் மட்டும் கொண்டு வந்தால் செல்லாது. அதை மட்டும் பொறுமையாகச் சொல்லி, வீட்டுக்குப் போய் எடுத்து வரச் சொல்.

வயசான பாட்டிகளிடம் புருஷன் பேரைக் கேட்டால் சொல்ல மாட்டார்கள். வெட்கப்பட்டுப் பக்கத்தில் நிற்கிற பேரனைப் பார்ப்பார்கள். உன் பி1 எரிந்து விழாமல் பார்த்துக்கொள். நாடு கண்ட முதல் பொதுத் தேர்தலில், 1951-52-ல், சொந்தப் பெயரைச் சொல்லாமல் இன்னாருடைய மனைவி, இன்னாருடைய மகள் என்று மட்டும் பதிந்திருந்த சுமார் 28 லட்சம் பெண்களின் பெயரைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டார்கள். பெரும்பாலும் வடக்கே நடந்தது. அதைப் படித்த நாளிலிருந்து, ஒரு கிழவி தன் பேரைத் தானே சொல்லிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றால் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

இதே பாட்டிகளைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்து, "இவங்களுக்குக் கண்ணு தெரியாது, நானே அமுக்கி விடறேன்" என்று ஆள் வரும். அங்கே விட்டுக்கொடுக்காதே. பாட்டியிடமே கேள். படிக்கத் தெரியாது என்பதற்காகத் துணை ஆள் கிடையாது. உண்மையிலேயே பார்வை இல்லை, கை நடுங்குகிறது என்றால் துணை உண்டு. 18 வயசு முடிந்தவராக இருக்க வேண்டும், ஒருவர் ஒருவருக்குத்தான் துணை போகலாம், உறுதிமொழியில் கையெழுத்து வாங்கு. சாவடியில் உட்கார்ந்திருக்கும் வேட்பாளர்களின் ஏஜென்ட் யாராவது "இது அந்த ஆள் இல்லை" என்று மறித்தால், இரண்டு ரூபாய் கட்டச் சொல்லிவிட்டு விசாரி. இரண்டு ரூபாய்தான். ஆனால் எடுக்கச் சொன்னதும் பாதிப் பேர் பின்வாங்கிவிடுவார்கள்.

சரி, காலை வேலைக்கு வருகிறேன். ஓட்டுப்பதிவு 7 மணிக்கு என்றால் 5.30-க்கு மாதிரி வாக்குப்பதிவு. ஏஜென்டுகள் முன்னால் குறைந்தது 50 ஓட்டு போட வேண்டும், நோட்டாவையும் சேர்த்து எல்லாப் பட்டனும் அமுக்கப்பட வேண்டும். அப்புறம் க்ளோஸ், ரிசல்ட், க்ளியர். இந்த மூன்றையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய். க்ளியர் பண்ண மறந்தால் அந்த 50 ஓட்டும் நிஜ ஓட்டோடு சேர்ந்துவிடும். எண்ணுகிற மேசையில் உன் இயந்திரத்தையே தனியாக ஒதுக்கி வைக்கும்படி ஆகிவிடும். போட்ட ஓட்டைச் சீட்டில் அச்சடித்துக் காட்டும் விவிபேட்டின் பெட்டியில் விழுந்த மாதிரிச் சீட்டுகளையும் எடுத்து, முத்திரை குத்தி, கறுப்புக் கவரில் போட்டு சீல் வைக்க வேண்டும். பெட்டி காலி என்று ஏஜென்டுகளுக்குக் காட்டு. டோட்டல் பட்டனை அமுக்கிப் பூஜ்யம் வருவதையும் காட்டு. பூஜ்யத்தைப் பார்த்தபின் சீல் வை.

விவிபேட்டை டியூப் லைட்டுக்கு நேர் கீழே வைக்காதே, தகராறு பண்ணும். மறைவிடம் ஜன்னல் ஓரமாக இருக்கக் கூடாது. இதையெல்லாம் முந்தின நாள் சாயங்காலமே பார்த்துவிடு. அதோடு கழிப்பறைச் சாவி யாரிடம் இருக்கிறது, தண்ணீர் வருகிறதா என்பதையும். நாப்கின், கொசுவர்த்தி, டார்ச், ஒரு பழைய பெட்ஷீட் எடுத்துக்கொள். பெண் அலுவலர்கள் கேட்கக் கூச்சப்பட்டுப் பகல் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருந்துவிட்டு மாலையில் மயங்கியதை நான் பார்த்திருக்கிறேன். உன் டீமில் அப்படி ஆக விடாதே, ஆள் மாற்றி உட்கார வைத்து அனுப்பு.

ஏஜென்டுகள் அன்பாகத்தான் டீயும் பிரியாணியும் நீட்டுவார்கள். வாங்காதே. ஊரில் யாரையாவது சமைக்கச் சொல்லி உன் கையால் காசு கொடு.

வரிசையில் ஒரு ஆணுக்கு இரண்டு பெண் என்று விடலாம். கைக்குழந்தைக்காரர்கள், முதியவர்கள், மாற்றுத்திறனாளிகள் முன்னால் வரட்டும். மணிக்கொரு தரம் டோட்டலை அமுக்கி, ஓட்டுப் போட வந்தவர்களை எழுதும் 17ஏ பதிவேட்டின் கடைசி எண்ணோடு ஒத்துப்போகிறதா பார். ஒன்று இடித்தாலும் அப்போதே கண்டுபிடித்துவிடலாம். சாயங்காலம் ஏழு மணிக்குத் தேடினால் அழுகைதான் வரும்.

முடிகிற நேரத்தில் வாசலுக்கு நீயே எழுந்து போ. வரிசையில் நிற்கிறவர்களுக்குக் கையெழுத்துப் போட்ட சீட்டுக் கொடுக்க வேண்டும், கடைசியில் நிற்கிற ஆளுக்கு 1-ஆம் நம்பர். வாலிலிருந்து தலைக்கு வா. அப்படி வந்தால்தான் புதிதாக யாரும் பின்னால் ஒட்ட முடியாது, நேரத்துக்கு வந்த யாரும் விட்டுப்போக மாட்டார்கள். எத்தனை மணி ஆனாலும் அவர்கள் எல்லோரும் போட்ட பிறகுதான் க்ளோஸ்.

அப்புறம் 17சி படிவம். மொத்தம் எத்தனை ஓட்டு என்று எழுதி, இருக்கிற ஒவ்வொரு ஏஜென்டுக்கும் ஒரு நகல் கொடுத்து கையெழுத்து வாங்கு. பசியில் கிளம்பப் பார்ப்பார்கள். "இருங்க அண்ணா, உங்க பேப்பரை வாங்கிட்டுப் போங்க" என்று உட்கார வை. எண்ணுகிற அன்றைக்கு உன் இயந்திரத்தைத் திறக்கும்போது நீ அங்கே இருக்க மாட்டாய். அந்தத் தாள்தான் உனக்காகப் பேசும்.

உன் சொந்த ஓட்டுக்குத் தபால் வாக்குப் படிவத்தைப் பயிற்சி வகுப்பிலேயே கேட்டு வாங்கிப் போட்டுவிடு. ஊர் பூராவும் ஓட்டுப் போட வைத்துவிட்டுத் தன் ஓட்டை விடுகிற ஆசிரியர்கள் நிறையப் பேர்.

என் ஸ்டீல் ஸ்கேலும் இரண்டு சிவப்புப் பேனாவும் கூரியரில் அனுப்பியிருக்கிறேன். ஸ்கேலை உன் பி1-இடம் கொடு. பெயருக்குக் கீழே வைத்துக் கோடு போட்டால் அடுத்த வரியில் கை போகாது. 1998-ல் என்னிடம் இருந்ததும் அதே ஸ்கேல்தான்.

சேகரிப்பு மையத்தில் எல்லாவற்றையும் ஒப்படைத்து ரசீது கைக்கு வந்ததும் போன் பண்ணு. ராத்திரி இரண்டானாலும் சரி, மூன்றானாலும் சரி, விழித்திருப்பேன்.

அன்புடன்,
அம்மா