எஃப்.டி. புதுப்பிக்கப் போனால் பாலிசி தலையில் கட்டுகிறார்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பென்ஷன் எடுக்கப் போனால் வரிசையில் நிற்க வைக்கும் வங்கிக் கிளை, எஃப்.டி. (நிரந்தர வைப்பு) முதிரும் நாளில் மட்டும் நாற்காலி போட்டு உட்கார வைக்கும். காபியும் வந்தால் கொஞ்சம் உஷாராக வேண்டும். "இதுவும் எஃப்.டி. மாதிரிதான் சார், வட்டி மட்டும் கூட" என்று நீட்டப்படும் தாள் பெரும்பாலும் ஆயுள் காப்பீட்டு பாலிசிக்கான விண்ணப்பமாக இருக்கும். பல ஊர் கிளைகளிலும், குறிப்பாக மார்ச் மாதத்தில், இது நடக்கிறது.

வங்கிகள் காப்பீடு விற்பது சட்டப்படி சரியே. காப்பீட்டு நிறுவனத்தின் கார்ப்பரேட் ஏஜென்டாக (நிறுவன முகவராக) பதிவு செய்துகொண்டு விற்கின்றன. விற்பவர் அதற்கென்று தேர்வு எழுதிச் சான்று பெற்றவராக இருக்க வேண்டும், அவர் பெயரும் குறியீட்டு எண்ணும் விண்ணப்பத்தில் இருக்க வேண்டும். "உங்கள் சான்று எண் என்ன?" என்று கேட்டுப் பாருங்கள், பாதிப் பேச்சு அங்கேயே அடங்கிவிடும். எதிரே இருப்பவர் வங்கி ஊழியரே அல்லாமல், காப்பீட்டு நிறுவனம் கிளையில் உட்கார வைத்த ஆளாகவும் இருக்கலாம். கழுத்தில் தொங்கும் அட்டையைப் படித்தால் தெரிந்துவிடும்.

தாளை அடையாளம் காண்பது எளிது. எஃப்.டி. ரசீதில் வட்டி விகிதம், முதிர்வு தேதி, முதிர்வுத் தொகை மூன்றும் இருக்கும். "புரபோசல்", "பிரீமியம்", "லைஃப் அஷ்யூர்டு" என்று எங்காவது கண்ணில் பட்டால் அது பாலிசி. காசோலையைக் காப்பீட்டு நிறுவனத்தின் பெயருக்கு எழுதச் சொன்னாலும் அதேதான். கணக்கிலிருந்து ஆண்டுதோறும் பணம் எடுக்க அனுமதிக்கும் தாள் ஒன்றும் அதே கட்டில் சேர்ந்திருக்கும். ஒரு முறை கட்டினால் போதும் என்று நம்பியவர்களின் கணக்கில் மறு வருடம் இன்னொரு லட்சம் குறைவது இதனால்தான்.

விண்ணப்பத்தில் மோசடி நுழையும் இடங்கள் மூன்று. 70 வயதுக்காரருக்குப் பல பாலிசிகள் கிடைக்காது என்பதால் மகன் அல்லது பேரன் பெயரில் ஆயுள் காப்பீடு எழுதப்படும், பணம் மட்டும் பெரியவருடையது. பிரீமியத்துக்குப் பொருந்த வேண்டுமே என்று ஆண்டு வருமானம் ஏற்றி எழுதப்படும். மூன்றாவதுதான் ஆபத்தானது: கைப்பேசி எண்ணும் மின்னஞ்சலும் விற்பவருடையதாக இருக்கும். பாலிசி அவருக்குப் போய்விடும், வாங்கியவருக்குத் தெரியாமலே நாள் கரையும். தமிழில் கையெழுத்திடுபவருக்கு விவரம் தமிழில் விளக்கப்பட்டது என்று இன்னொருவர் உறுதி தரும் பகுதியும் படிவத்தில் உண்டு. விளக்காமலே அதில் யாரோ கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள்.

பிறகு காப்பீட்டு நிறுவனத்திலிருந்து சரிபார்ப்பு அழைப்பு வரும். "எல்லாத்துக்கும் எஸ்னு சொல்லிடுங்க, இல்லேன்னா கேன்சல் ஆயிடும்" என்று விற்றவர் முன்கூட்டியே சொல்லி வைப்பார். கேன்சல் ஆகட்டுமே! அந்த அழைப்பில் "எஃப்.டி. என்று சொல்லி விற்றார்கள்" என்று பதிவு செய்தால், பின்னால் அதுவே வலுவான சாட்சி.

"10 லட்சம் 20 லட்சமாகும்" என்ற பேச்சையும் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். ஆண்டுக்கு 1 லட்சம் வீதம் 10 ஆண்டு கட்டி, 20ஆம் ஆண்டு முடிவில் 20 லட்சம் வந்தால், வருவாய் ஆண்டுக்கு ஏறத்தாழ 4.5 சதவீதம்தான். "வரியே கிடையாது" என்பதும் பாதி உண்மை. ஆண்டுப் பிரீமியம் காப்பீட்டுத் தொகையில் (இறந்தால் கிடைக்கும் தொகையில்) 10 சதவீதத்துக்குள் இருந்தால்தான் முதிர்வுத் தொகைக்கு விலக்கு. 1 லட்சம் ஒரே தவணையாகக் கட்டி 1.25 லட்சம் மட்டும் காப்பீடு தரும் பாலிசிக்கு அது கிடையாது. எஃப்.டி.க்கு 5 லட்சம் வரை வைப்புக் காப்பீடு உண்டு. பாலிசிப் பணத்துக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

மாட்டிக்கொண்டால் முதல் ஆயுதம் 30 நாள். பாலிசி கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால், முத்திரைக் கட்டணம், மருத்துவப் பரிசோதனைச் செலவு, காப்பில் இருந்த நாட்களுக்கான தொகை ஆகியவை போக மீதி வந்துவிடும். (பணத்தைச் சந்தையில் போடும் யூலிப் பாலிசி என்றால் அன்றைய யூனிட் மதிப்புப்படி.) "மேனேஜர் லீவு, அடுத்த வாரம் வாங்க" என்று இழுத்து அந்த 30 நாளைத் தீர்த்துவிடுவது கிளைகளின் பழைய வித்தை. ஆகவே கடிதத்தை நேரே காப்பீட்டு நிறுவனத்துக்கு மின்னஞ்சலிலும் ஸ்பீட் போஸ்டிலும் அனுப்பிவிட்டு, கிளையில் ஒரு நகல் கொடுத்து முத்திரையோடு ஒப்புகை வாங்க வேண்டும். ஆண்டுப் பிரீமியம் பிடிக்கும் அனுமதியையும் அன்றே ரத்து செய்யச் சொல்லி எழுதிக் கொடுக்க வேண்டும்.

30 நாள் தாண்டிவிட்டால் வழி நீளம். நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்குப் புகார், பிறகு காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் புகார் இணையதளமான பீமா பரோசா. 30 நாளில் பதில் இல்லையென்றாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ காப்பீட்டு ஆம்புட்ஸ்மேன் (குறைதீர்ப்பாளர்). 50 லட்சம் ரூபாய் வரை விசாரிப்பார். கட்டணமும் வேண்டாம், வக்கீலும் வேண்டாம். வங்கியின் நடத்தை பற்றிய புகார் என்றால் முதலில் வங்கிக்கு எழுதி, பிறகு ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மேன். உதவி எண் 14448.

லாக்கர் கேட்பவர்களிடமும் இதே கதை: பாலிசி எடுங்கள், பெரிய வைப்புத்தொகை போடுங்கள் என்பார்கள். மூன்று ஆண்டு வாடகையும், தேவைப்பட்டால் லாக்கரை உடைத்துத் திறக்கும் கட்டணமும் ஈடுகட்டும் அளவுக்கு மட்டுமே வைப்புத்தொகை கேட்கலாம் என்பது ரிசர்வ் வங்கி விதி. லாக்கரில் உள்ள பொருளுக்கு இன்ஷூரன்ஸ் விற்க வங்கிக்கு அனுமதியே இல்லை. லாக்கர் காலி இல்லையென்றால் காத்திருப்புப் பட்டியல் எண் தர வேண்டும், கேட்டால்தான் தருகிறார்கள்.

கேட்காமலே கணக்கிலிருந்து ஆண்டுதோறும் பிடிக்கப்படும் 436 ரூபாயும் 20 ரூபாயும் தனி ரகம். பிரதமர் பெயரிலான அந்த ஆயுள் (436 ரூபாய்), விபத்து (20 ரூபாய்) காப்பீடுகள் மலிவானவை, நல்லவை. ஆனால் 436 ரூபாய் திட்டத்தில் 50 வயதுக்கு மேல் சேர முடியாது, காப்பும் 55 வயதோடு முடிகிறது. இரண்டு வங்கிகளில் பிடித்தாலும் காப்பு 2 லட்சம்தான். ஜூன் மாதத்தில் பாஸ்புக்கைப் பதிந்து பார்த்து, வேண்டாதவர்கள் எழுத்தில் நிறுத்தச் சொல்லலாம்.

கவுன்ட்டரில் இருப்பவரை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை; மாலையில் டார்கெட் கேட்டு மேலிடத்திலிருந்து போன் வருகிறது. அதனால்தான் ரிசர்வ் வங்கிக்கும் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்துக்கும் இந்த வேண்டுகோள்: 60 வயதைத் தாண்டியவரின் எஃப்.டி. முதிரும் அன்றே அந்தப் பணத்தில் பாலிசி எழுதத் தடை போடுங்கள். ஒரு வாரம் கழித்து அவரே தேடி வந்து கேட்டால் விற்கட்டும். விண்ணப்பத்தின் முதல் பக்கத்தில் "இது வைப்புத்தொகை அல்ல, இத்தனை ஆண்டு பணம் கட்ட வேண்டும்" என்று தமிழில் பெரிய எழுத்தில் அச்சிட்டு, அதன் கீழேயே கையெழுத்து வாங்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்,
மயிலாடுதுறை