வீடு திரும்பும்போதே சொல்லுங்கள்

ஐயா,

மலக்குடல் புற்றுநோய் அறுவை சிகிச்சைக்குப் பிறகு, "கட்டியை எடுத்தாச்சு" என்ற ஒரு வார்த்தையோடு நோயாளியை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். மலத்தைத் தேக்கிவைக்கும் பகுதியே போனதால், பலருக்கு அடிக்கடி கழிப்பறைக்கு ஓட வேண்டியிருக்கும், அடக்கவும் முடியாது. இது ஓரிரு ஆண்டுகள்கூட நீடிக்கலாம். என் கணவரோ புற்றுநோய் திரும்பிவிட்டதாகவே நினைத்துத் தூக்கமின்றித் தவித்தார். புற்றுநோய் திரும்பியிருக்கிறதா என்று பார்க்கும் சிஇஏ ரத்தப் பரிசோதனை நெருங்கினால் அவருக்குச் சாப்பாடே இறங்காது. மலத்தை அடக்க உதவும் இடுப்புத்தளத் தசைகளுக்கான பயிற்சி பலருக்கு உதவும் என்பதை, நாங்களாகக் கேட்ட பிறகுதான் சொன்னார்கள். டிஸ்சார்ஜ் செய்யும்போதே இதையெல்லாம் தமிழில் எழுதிக் கொடுக்கலாமே! மனப்பதற்றத்துக்குப் பேச 14416 என்ற, அரசின் இலவச டெலி மானஸ் மனநல உதவி எண்ணையும் அதில் சேர்க்க வேண்டும். அப்புறம், பேருந்து நிலையக் கழிப்பறைகள் பூட்டிக் கிடக்காமல், சுத்தமாக இருந்தால்தான் இந்த நோயாளிகள் துணிந்து வெளியூர் போக முடியும்.

– ஒரு வாசகி, மதுரை