கியோங்ஜுவில் பக்கத்து மேசையில் இருந்த அம்மாவுக்கு

சுத்த சைவமான என் அம்மாவை அழைத்துக்கொண்டு கொரியாவில் ஊர் சுற்றுவது லேசுப்பட்ட காரியம் இல்லை. கிம்ச்சி என்ற காரமான காய்கறி ஊறுகாயில் மீன் சாறோ உப்பிட்ட இறாலோ இருக்கும். சாதுவாகத் தெரியும் சோயா விழுதுக் குழம்பில்கூடப் பெரும்பாலும் நெத்திலி கொதித்த தண்ணீர்தான். கியோங்ஜுவில், இலையில் சோறு மடித்துச் சாப்பிடும் சம்பாப் கடை ஒன்றில் உட்கார்ந்தோம். மேசை நிறையக் கிண்ணங்கள் வந்து இறங்கின. அம்மா எதையும் தொடவில்லை. என் அரைகுறைக் கொரியன் பரிமாறியவருக்கு எட்டவில்லை.

யாரும் கூப்பிடாமலே நீங்கள் கரண்டியை வைத்துவிட்டு எழுந்து வந்தீர்கள். என்னிடம் இரண்டு கேள்வி, அப்புறம் நேரே சமையலறை. திரும்பி வந்து ஒவ்வொரு கிண்ணமாகப் பார்த்து ஆகாததை ஓரம் தள்ளினீர்கள். ஒன்றை மோந்து பார்த்து முகம் சுளித்தீர்களே, அங்கேதான் அம்மா சிரித்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் நல்லெண்ணெயில் புரட்டிய முளைப்பயறும் டோஃபுவும் புதிதாக வந்தன. பெரில்லா என்ற வாசனை இலையில் சோறு மடிக்கவும் நீங்களே காட்டினீர்கள். உங்கள் சாப்பாடு அங்கே ஆறிக்கொண்டிருந்தது.

கிளம்பும்போது ரசீதின் பின்னால் இறைச்சி, மீன், நெத்திலிச் சாறு, இறால் எதுவும் வேண்டாம் என்று கொரிய எழுத்தான ஹங்குலில் எழுதிக் கொடுத்தீர்கள். புல்குக்சா கோயில், சொக்குராம் குகைப் புத்தர், பிறகு பூசான் என்று சுற்றிய இடமெல்லாம் அந்தச் சீட்டுதான் எங்களுக்குச் சோறு போட்டது.

இதைக் கொரியனிலும் எழுதித் தர நண்பரிடம் சொல்லியிருக்கிறேன், எப்படியாவது உங்கள் கண்ணில் படட்டும். ஊர் திரும்பிய அம்மா போனில் உங்களைத்தான் விசாரிக்கிறார். ரொம்ப நன்றி அம்மா.