ஜே-டெஸ்ட் வரைபடத்தில் தெரியும் கோடுகள்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

போன மாதம் இருவர் தங்கள் டிஏசி பெட்டிகளை (டிஜிட்டல் இசையைக் கேட்கும் ஒலியாக மாற்றும் கருவி) திரும்பக் கொண்டுவந்தார்கள். இருவருமே ஜே-டெஸ்ட் எனும் சோதனைச் சிக்னல் கோப்பை இறக்கி, வீட்டுக் கணினியிலேயே அளந்து பார்த்திருக்கிறார்கள். நடுவே உயர்ந்து நிற்கும் முனைக்கு இருபுறமும் சீப்புப் பல் போல வரிசையாகக் கோடுகள். "இவ்வளவு ஜிட்டர் (நேரம் தவறும் ஆட்டம்) இருக்கே, சரி பண்ணிக் கொடுங்க" என்றார்கள். இரண்டு பெட்டியிலும் பழுது இல்லை. இனி, பழுது பார்த்த ஒவ்வொரு பெட்டியோடும் ஜே-டெஸ்ட் வரைபடங்கள் வைத்துத் தரப்போகிறோம். அவற்றைப் பார்த்து வேறு யாரும் பயந்துவிடக் கூடாது என்பதற்காகவே இந்த மடல்.

டிஜிட்டல் இசையைப் பெட்டிக்குக் கொண்டுவரும் எஸ்பிடிஐஎஃப் (ஆப்டிகல், கோஆக்சியல்) கேபிளில் கிளாக்குக்கென, அதாவது நேரத் துடிப்புக்கென, தனிக் கம்பி கிடையாது. வரும் சிக்னல் ஏறி இறங்கும் இடங்களை வைத்தே பெட்டி நேரத்தைக் கணித்துக்கொள்கிறது. இணைப்பு மந்தமாக இருந்தால், எந்த பிட்டுகள் போகின்றன என்பதைப் பொறுத்து அந்த இடங்கள் மிக நுண்ணிய அளவில் தள்ளிப்போகும். கிளாக்கும் கூடவே ஆடும். அந்த ஆட்டம்தான் ஜிட்டர்.

1990களில் ஜூலியன் டன் என்ற இங்கிலாந்துப் பொறியாளர் இந்தப் பலவீனத்தையே குறிவைத்து ஒரு சிக்னலை அமைத்தார். 16 பிட் வடிவில் அது இவ்வளவுதான்: -16384, -16384, 16384, 16384 என்று 24 முறை, பிறகு ஒவ்வொன்றிலும் ஒன்று குறைத்து -16385, -16385, 16383, 16383 என்று 24 முறை. இந்த 192 சாம்பிள்கள் (ஒலி அளவைக் குறிக்கும் எண்கள்), விநாடிக்கு 44,100 (44.1 கிலோஹெர்ட்ஸ்) என்ற வேகத்தில் திரும்பத் திரும்ப ஓடும். 16384-ஐ பிட்டுகளாக எழுதினால் 0100000000000000. 16383 என்பது 0011111111111111. குறைந்தது ஒன்றே ஒன்று, புரண்டது 15 பிட்டுகள்! காதுக்கு அது 11,025 ஹெர்ட்ஸ் சுருதி மட்டுமே. கேபிளிலோ பூஜ்ஜியக் கூட்டமும் ஒன்றுகளின் கூட்டமும் விநாடிக்குச் சுமார் 230 முறை மாறி மாறிப் போகும். பிட்டுகளுக்கு அசைந்து கொடுக்கும் கிளாக் என்றால், முனைக்கு இருபுறமும் 230 ஹெர்ட்ஸ் தள்ளிக் கோடுகள் எழும்பும்.

குழப்பம் வருவது இங்கேதான். ஒன்று குறைந்து ஒன்று கூடும் அந்த மாற்றமே 230 ஹெர்ட்ஸில் ஒரு சின்னச் சதுர அலை. சீப்புப் பல் போலத் தெரிபவை அதன் அதிர்வெண்ணின் மடங்குகளே. அதன் 47-ஆம், 49-ஆம் மடங்குகள் சரியாக அதே இடத்தில் விழுகின்றன. டிஜிட்டலில் சாத்தியமான முழு அளவுக்கு ஏறத்தாழ 127 டெசிபெல் கீழே அவை எப்போதும் இருக்கும். குறையே இல்லாத பெட்டியிலும் தெரியும். உண்மையிலேயே ஜிட்டர் இருந்து, அதன் உச்ச அளவு 1 நானோவிநாடி என்றால், அந்தக் கோடுகள் உயர்ந்து சுருதிக்கு 89 டெசிபெல் மட்டுமே கீழே நிற்கும். எனவே சரிந்து இறங்கும் வரிசையை மீறி நிமிர்ந்து நிற்கும் கோடு எது என்று பாருங்கள். 24 பிட் கோப்பில் சதுர அலை இன்னும் 48 டெசிபெல் கீழே போய் இரைச்சலில் மறைந்துவிடும். ஆகவே 16 பிட், 24 பிட் என இரண்டு வரைபடங்களையும் தருகிறோம்.

50, 100 ஹெர்ட்ஸ் தள்ளித் தெரியும் கோடுகளை நாங்கள் லேசாக விடுவதில்லை. அவை மெயின்ஸ் கரண்டிலிருந்து வருபவை. சுருதியை 1,000 ஹெர்ட்ஸுக்கு இறக்கிப் பார்ப்போம். ஜிட்டராக இருந்தால் கோடுகள் சுமார் 21 டெசிபெல் தாழும். தாழாமல் அப்படியே நின்றால் பவர் சப்ளையைத் திறந்துவிட வேண்டியதுதான். போன வாரம் ஒரு பெட்டியில் ஃபில்டர் கெப்பாசிட்டர் தலை உப்பி இருந்தது. மாற்றியதும் கோடுகள் போய்விட்டன.

யூஎஸ்பியில் மட்டும் கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அசின்க்ரனஸ் வகை என்றால் கிளாக் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. இந்தச் சிக்னலால் அதை அசைக்க முடியாது. அங்கே வரைபடம் சுத்தமாக வந்தாலும் ஆப்டிகல், கோஆக்சியல் வழிகளும் அப்படியே இருக்கும் என்று சொல்ல முடியாது.

வீட்டில் அளப்பதானால் வால்யூமை முழுதாக வையுங்கள், ஈக்வலைசரை அணைத்துவிடுங்கள், எம்பி3 ஆக்கிய கோப்பு வேண்டாம். கணினி 44.1-ஐ 48 கிலோஹெர்ட்ஸாக மாற்றி அனுப்பினாலும் பிட்டுகளின் வரிசை குலைந்துபோகும்.

பெட்டியைக் கொண்டுவரும்போது நீங்கள் தினமும் பயன்படுத்தும் கேபிளையும் சேர்த்துக் கொண்டுவாருங்கள். அதை மாட்டித்தான் அளப்போம்.

அன்புடன்,
சர்வீஸ் பிரிவு