போனில் திறக்காத படிவங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

கோத்தகிரியில் சின்னதாக ஒரு பிரவுசிங் சென்டர் நடத்துகிறேன். சுற்றியிருக்கும் ஹட்டிகளிலிருந்து, அதாவது படுகர் ஊர்களிலிருந்து, வருகிற பலர் கையில் நல்ல போன் இருக்கிறது, நெட்டும் இருக்கிறது, ஆனாலும் இணையதளத்தில் ஒரே ஒரு விண்ணப்பம் போட கொழுந்து பறிப்பை விட்டுவிட்டு பஸ் ஏறி வருகிறார்கள். ஏன் என்று கேட்டால் "போன்ல சரியா வரலீங்க" என்பார்கள். வாங்கிப் பார்த்தால் உண்மைதான். கம்ப்யூட்டர் திரைக்கென்று அகலமாகப் போட்ட பக்கம். எழுத்து பொடிப்பொடியாக இருக்கிறதே என்று விரலால் பெரிதாக்கினால் கேள்வி தெரிகிறது, பதில் எழுதுகிற கட்டம் திரைக்கு வெளியே போய்விடுகிறது. ஒரு மானியப் படிவத்தில் சர்வே எண், உட்பிரிவு, பரப்பு என்று நீளும் அட்டவணை, அதன் கடைசியில்தான் 'சேர்' பட்டன். பக்கவாட்டில் நகர்த்தவும் முடியாது. அப்படி ஒரு பட்டன் இருப்பதே தெரியாமல் ஒரு அம்மா திரும்பத் திரும்ப முதலிலிருந்து நிரப்பியிருக்கிறார். எனக்கு வருமானம் குறைந்தாலும் பரவாயில்லை, இதை மாற்றியே ஆக வேண்டும்.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. திரைக்கு ஏற்பப் பக்கம் தானே மாறிக்கொள்ளும் முறையை அமெரிக்க வடிவமைப்பாளர் ஈத்தன் மார்காட் 2010-லேயே விளக்கிவிட்டார். அகலத்தைப் பிக்சலில் (திரையை அளக்கும் புள்ளிகளில்) கட்டிப்போடாமல் சதவீதத்தில் கொடுப்பது, படங்களையும் அதோடு சேர்ந்து சுருங்க விடுவது, திரை குறுகினால் அருகருகே இருப்பதை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கச் சொல்வது, அவ்வளவுதான். அப்புறம் பக்கத்தின் நிரலில், தலைப்பகுதியில், போனின் திரை அகலத்துக்கே பக்கத்தைக் காட்டச் சொல்லும் வியூபோர்ட் என்று ஒரு வரி வேண்டும். அது இல்லையென்றால் பெரும்பாலான போன்கள் பக்கம் சுமார் 980 பிக்சல் அகலம் என்று எடுத்துக்கொண்டு மொத்தத்தையும் சுருக்கிக் காட்டிவிடும். இணையப் பக்கங்களை எல்லாரும் பயன்படுத்த முடிய வேண்டும் என்பதற்காக 2018-ல் வந்த டபிள்யூசிஏஜி 2.1 என்ற சர்வதேச விதிகள், 320 பிக்சல் அகலத்திலும் பக்கவாட்டில் நகர்த்தாமல் படிக்க முடிய வேண்டும் என்கின்றன. ஆங்கிலத்துக்கு அளவெடுத்த பட்டனில் தமிழ் பாதி வெட்டுப்பட்டு நிற்பதையும் சேர்த்துக் கவனிக்க வேண்டும்.

அலுவலகத்தில் பெரிய திரையில் போட்டுக் காட்டியதைப் பார்த்துவிட்டே அதிகாரிகள் தளத்துக்கு ஒப்புதல் கொடுத்துவிடக் கூடாது. தளத்தைச் செய்து கொடுத்தவர்களுக்குப் பணம் பட்டுவாடா செய்வதற்கு முன், விலை குறைந்த போன் ஒன்றில், தமிழில், முதல் கட்டத்திலிருந்து ரசீது வரும்வரை ஒரு விண்ணப்பத்தைப் போட்டுப் பார்க்கட்டும். சிறு தேயிலை விவசாயி ஒருவரையே அழைத்து அவர் கையாலேயே போடச் சொன்னால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர், கோத்தகிரி